குண்டு போட்ட பெயர்கள்

கேள்வி: ‘பிளாக்பஸ்டர்’ படம் என்கிறார்களே, அது வெடிகுண்டின் பெயராமே?

பதில்: ஆமாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மன் நகரங்கள்மீது போட்ட 4,000 பவுண்டு குண்டுகளுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர். ஒரு ‘பிளாக்’ கட்டடங்களையே தகர்க்கும் என்று அர்த்தம். மெல்லிய தகட்டு உறை, உள்ளே பெரும்பகுதி வெடிமருந்து. அதன் அதிர்ச்சியில் கூரை ஓடுகள் பெயர்ந்துவிட, அடுத்து விழும் தீக்குண்டுகள் நேரே வீட்டுக்குள் இறங்கும். 1943இலேயே, போர் முடியுமுன்பே, ஹாலிவுட் விளம்பரக்காரர்கள் அந்தச் சொல்லைச் சுருட்டிக்கொண்டார்கள். கூச்சமே இல்லை!

‘பிகினி’ இன்னும் மோசம். 1946 ஜூலை 1 அன்று, பிகினி தீவுவாசிகளை வெளியேற்றிவிட்டு அமெரிக்கா அங்கே அணுகுண்டைச் சோதித்தது. நாலே நாளில் பாரிஸில் லூயி ரெயார் என்பவர் தான் வடிவமைத்த நீச்சலுடைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.