பட்டமும் பாடவேளையும்: புதிய வேளாண் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்



தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வியோடு தொடங்கிய தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை கற்பிக்க வருபவருக்கு முதல் ஆண்டில் நேரும் இடர்கள் பெரும்பாலும் பள்ளியின் நாட்காட்டியும் பயிரின் நாட்காட்டியும் ஒத்துப்போகாமையால் விளைபவை. பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் முடிகிறது. பயிரோ பட்டத்துக்கு, அதாவது மழையும் வெயிலும் காற்றும் ஒரு விதைப்புக்கு இசைந்துவரும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. முதல் அலகிலிருந்து வரிசையாகப் பாடம் நடத்துபவர் விதைப்பு பற்றிய அலகை எட்டும்போது ஆடி கழிந்திருக்கும். பிறகு கரும்பலகையில்தான் விதைக்க முடியும். ஆகவே பாட அலகுகளைப் பட்டத்துக்கு ஏற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்வதும், அம்மாற்றத்தைத் தலைமையாசிரியரிடம் ஜூன் மாதத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிடுவதும் புதிய ஆசிரியரின் முதல் வேலையாக அமைவது நன்று.

பள்ளி நிலத்துக்கான பயிரைத் தேர்வதிலும் இதே கணக்குத்தான் செல்லும். நிலக்கடலை ஏறத்தாழ 105 நாள் நின்று தேர்வுகளையும் விடுமுறைகளையும் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், அனுபவமுள்ள ஆசிரியர்கள் முதல் ஆண்டுக்காரருக்கு 65 முதல் 75 நாளில் விளையும் உளுந்தையே பரிந்துரைப்பர். ஆடித் தொடக்கத்தில் விதைத்த உளுந்து காலாண்டுத் தேர்வை ஒட்டி நெற்றாகும் என்பதால், அந்த வாரத்தில் பறிப்பதற்கு ஆள் ஏற்பாடு செய்யாத பள்ளியில் விடுமுறை முடிந்து திரும்புவோர் உதிர்ந்த மணிகளைத்தான் காண்பர்.

உளுந்தைக் கொண்டு கற்பிக்கத்தக்கவை மிகுதி. விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னரே 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைத்தால், முளைப்புத்திறன் என்னும் கருத்தை மாணவர்கள் கையால் எண்ணியே அறிந்துகொள்வர். சான்று விதைக்கு உளுந்தில் குறைந்தது 75 விழுக்காடு முளைப்பு வேண்டும் என்ற விதி அப்போதுதான் அவர்களுக்குப் பொருள்படும். முளைக்காதவற்றுள் சில அழுகாமல் கெட்டியாகவே கிடக்கும். அவை மேலுறை நீரை உள்வாங்காத கடின விதைகள் என்பதைக் கூறாமல் விட்டால், மாணவர் அவற்றைச் செத்த விதைகளோடு சேர்த்துவிடுவர். பின்னர் ரைசோபியம், அதாவது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கிடைக்கும் வடிவில் வேரில் சேர்க்கும் நுண்ணுயிர், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசப்படுகிறது. பூசிய விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஏறக்குறைய 30ஆம் நாளில் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசி, ஒரு முடிச்சைப் பிளேடால் அறுத்துக் காட்டினால், உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும் முடிச்சு செயல்படுவது என்பதும், அந்நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது என்பதும் ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். வெளுத்தோ பச்சையாகவோ இருக்கும் முடிச்சையும் தேடி அறுத்துக் காட்டுவது நல்லது.

சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து இந்த ஆண்டு மாணவர் எழுதும் வழக்கத்தைக் கண்டிப்பால் ஒழிக்க இயலாது. அவரவர் எண்ணிய முளைப்பு எண்ணிக்கையையே அவரவர் நோட்டில் எழுதச் செய்தால், 82 என்று ஒருவரும் 91 என்று மற்றொருவரும் எழுத, பார்த்து எழுதுவதற்கு வழியே இராது. களையெடுப்பைத் தண்டனையாக்கும் பழக்கமோ இதைவிடக் கேடானது. தாமதமாக வந்தவனைப் பாத்தியில் இறக்கும் பள்ளி, அவன் பெற்றோர் நாள்தோறும் செய்யும் தொழிலை இழிவென்று அவனுக்குக் கற்பிக்கிறது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர் அறியாத சிலவற்றை அறிந்திருப்பர் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர்கள் சொல்வதை நிலத்தின் ஒரு பாத்தியில் செய்து பார்த்து, மற்றப் பாத்தியோடு ஒப்பிடுவதே தக்க மறுமொழி.

மூத்த ஆசிரியரிடம் வழிகாட்டுதல் நாடுபவர் அவரை ஆசிரியர் அறையில் சந்திப்பதைவிட விதைப்பு நாளிலும் முதல் பூச்சித் தாக்குதல் தெரியும் நாளிலும் நிலத்துக்கு அழைப்பதே பயன் தரும். பொதுவாகக் கேட்ட ஐயத்துக்குப் பொதுவான விடையே கிடைக்கும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் உதவக்கூடியதே. உழவர்க்குச் செய்முறைப் பயிற்சி அளிக்கும் இவ்வகை நிலையங்களுள் நாட்டின் முதலாவது 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது.

ஆண்டு முடிவில், நிலம் வெறுமையாக இருக்கும்போது, எரு இடுவதற்கு முன் மண் மாதிரி எடுத்துவிடுவது நலம். வரப்போரம், மரநிழல், எருக்குவி கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் செதுக்கி எடுத்த மண் கலக்கப்படும். அதைக் கால்பகுப்பு முறையில், அதாவது நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்குகளை நீக்கி, மீதியைக் கலந்து மீண்டும் பிரித்து, அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். குழி வெட்டிய இடங்களை வயல் குறிப்பேட்டில் வரைந்து வைத்தால், ஜூனில் மாறுதலாகி வேறொருவர் அப்பள்ளிக்கு வந்தாலும், அடுத்த மாதிரியை அதே இடங்களில் எடுத்து ஒப்பிட அவரால் இயலும்.