மேருவிலிருந்து கிள்ளான்: வழியில் ஒரு காலைப்பொழுது

நெடும் பிரயாணத்தின் நடுவே மேருவில் தங்க நேர்ந்தவர்கள், அரைநாள் அவகாசம் கிடைக்குமாயின், மேரு சாலையிலேயே தெற்கே சென்று, சிலாங்கூரின் அரச நகரமாகிய கிள்ளானைக் கால்நடையாகவே சுற்றிப் பார்ப்பது உத்தமம். காரைக் கிள்ளான் ஆற்றின் வடகரையிலேயே நிறுத்திவிடுங்கள். ஏனெனில் இரட்டைத் தளமுடைய பழைய கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் பாதசாரிகளுக்கென்றே அமைந்தது. காலுக்குக் கீழே கலங்கிய நீர் நகர்வதைப் பார்த்தபடி அக்கரை சேரலாம்.

தென்கரையில், 1890இல் ரயில் வந்து சேர்ந்த நிலையத்தையும், ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த, இன்று அரச காட்சிக்கூடமாக விளங்கும் வெண்மாளிகையையும், 1857இல் எழுந்த ராஜா அப்துல்லா கிடங்கையும் காணுங்கள். காட்சிக்கூடம் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை.

தெங்கு கிளானா சாலையை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கடைவாசலில் மல்லிகையை முழம் போடும் விரல்களின் லாகவத்தைச் சற்றே நின்று கவனித்து, ஒரு முழம் வாங்கிக்கொண்டு, 1892இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு, வடகரைக்குத் திரும்பிக் காரை எடுத்துக்கொண்டு செல்லுங்கள். உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்களாதலால் பதினோரு மணிக்கு முன்பே சென்றுவிடுவது நலம். பிற்பகல் மழைக்கு ஒரு குடை அவசியம்.