அரைவாசி எஞ்சின் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சவூதியில் கராஜ் ஒன்றில் வேலைசெய்யும் மச்சான் போனில் சொன்ன விஷயம் இது. எட்டு சிலிண்டர் அமெரிக்க பிக்கப் ஒன்று. தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு சிலிண்டர் தானாக நின்றுவிடுமாம். அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு எட்டையும் எந்நேரமும் ஓடவைக்க, கேம் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டுமாம். ஓடுகிற எஞ்சினில் பாதியை நிறுத்தும் யோசனை யாருக்கு முதலில் வந்தது? அதற்கும் கேமுக்கும் என்ன தொடர்பு?
— வாசகர் ஒருவர், குறிஞ்சாக்கேணி, கிண்ணியா

பதில்: பிக்கப்பின் பொனட்டைத் திறக்குமுன் வயல் ஓரத்தில் நிற்கும் லேண்ட் மாஸ்டரைப் பார்த்துவிடலாம். (லேண்ட் மாஸ்டர் என்பது இங்கிலாந்துத் தயாரிப்பு ஒன்றின் பெயர். அது போய் ஜப்பான் யந்திரமும் சீன யந்திரமும் வந்த பிறகும் இலங்கையில் பெயர் மட்டும் போகவில்லை.) கைப்பிடி மாட்டி எஞ்சினைச் சுற்றுகிறவருக்கு வலக்கை சுற்றும்போது இடக்கை சும்மா இருப்பதில்லை. எஞ்சின் தலையில் இருக்கும் சின்ன நெம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்திருக்கும்வரை வால்வ் முழுதாக மூடாது, உள்ளே காற்று இறுகாது, கனத்த சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் ஏறியதும் நெம்பை விட வேண்டியதுதான், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நெம்பு பிடிபட்டிருந்த அந்தச் சில விநாடிகளும் அது நிறுத்திவைக்கப்பட்ட சிலிண்டர்தான். வால்வின் வழக்கமான வேலையைத் தடுத்தால் சிலிண்டர் வேலைசெய்யாது. அரைவாசி எஞ்சினின் முழுக் கதையும் இந்த நெம்புக்குள் இருக்கிறது.

இதை வேண்டுமென்றே, ஓட்டத்தின் நடுவே செய்த முதல் எஞ்சின்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. பண்ணைகளிலும் பட்டறைகளிலும் நின்ற இடத்தில் ஓடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் அவை. வேகம் அளவுக்கு மேல் ஏறினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கழிவு வால்வைத் திறந்தபடியே பிடித்து வைத்துவிடும். உள்ளே இழுப்பு இல்லாததால் காற்றை உள்ளே விடும் உள்வால்வும் திறக்காது. பாரச் சக்கரம் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, வேகம் குறைந்ததும் பிடி விடுபட்டு மறுபடி ஒரு வெடி. கேட்பதற்கு ஒரு 'டப்', பிறகு நாலைந்து பெருமூச்சு, மறுபடி ஒரு 'டப்'.

அந்தக் காலத்து உள்வால்வைத் திறக்கப் பெரும்பாலும் கேம், அதாவது வால்வைத் தள்ளும் மேடுள்ள சுழல் அச்சு, கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலே அதைத் திறக்கும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மூடும். 1901இல் பேர்பெற்ற மேர்செடிஸ் 35 குதிரைவலுக் காரில் உள்வால்வையும் கேமே திறந்தது. அந்த மாற்றம் பரவப் பரவத்தான் வால்வ் ஸ்பிரிங்குக்கு உண்மையான வேலைப்பளு வந்தது.

சரி, பாதியை நிறுத்தினால் பெற்றோல் எப்படி மிஞ்சும்? மட்டமான தெருவில் ஒரே சீராக ஓடும் பெரிய எஞ்சினுக்குத் தேவைப்படுவது அதன் பலத்தில் சிறு பங்குதான். அப்போது காற்று வழி ஏறக்குறைய மூடியே கிடக்கும். எட்டுப் பிஸ்டனும் அந்த இடுக்கு வழியாக மூச்சிழுக்க வேண்டும். விரலால் பாதி அடைத்த குழாயில் இளநீர் உறிஞ்சுவதுபோல. நாலை நிறுத்தினால் மற்ற நாலுக்கும் சுமை கூடும், காற்று வழி அகலத் திறக்கும், உறிஞ்சும் சிரமம் குறையும். நிறுத்திய சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். சைக்கிள் பம்பின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள்: இறுகும், விட்டால் திரும்பி வந்துவிடும். அழுத்தக் கொடுத்த பலத்தில் பெரும் பகுதி திரும்பிக் கிடைக்கிறது. அடைபட்ட சிலிண்டருக்குள் நடப்பது அதுதான்.

காருக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது கடிலாக், 1981இல். ஈட்டன் நிறுவனம் உருவாக்கிய அந்த ஏற்பாடு 6 லீட்டர் எஞ்சினை எட்டு, ஆறு, நாலு என்று மாற்றி மாற்றி ஓட்டியது. யோசனை நல்லது, கம்ப்யூட்டர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வண்டி குலுங்கியது, சொந்தக்காரர்கள் பொறுமையிழந்தார்கள். சாதாரணக் கார்களில் ஒரே வருடத்தோடு அந்த எஞ்சின் மறைந்தது. மறுவருடம் மிட்சுபிஷி 1.4 லீட்டர், நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டை நிறுத்திப் பார்த்தது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

கடிலாக்காரர்கள் செய்துகொண்ட பரிகாரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு வயரைக் கழற்றிவிட்டார்கள். வால்வை நிறுத்தும் பூட்டு, வால்வை அழுத்தித் திறக்கும் நெம்பான ரொக்கரின் மேலே உட்கார்ந்திருந்தது. மற்றபடி அது வழமையான எஞ்சின். பூட்டுக்கு மின்சாரம் கிடைக்காவிட்டால் எட்டும் எப்போதும் ஓடும். மச்சானுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2004இல் கிரைஸ்லரும் அதையொட்டி ஜெனரல் மோட்டர்ஸும் யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தபோது பூட்டு கீழே இறங்கி டெப்பட்டுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்க எஞ்சின்காரர் அதை லிஃப்டர் என்பார். கேமுக்கும் ரொக்கரைத் தள்ளும் புஷ் ரொட்டுக்கும் நடுவே நிற்கும் உருளை அது. ஒயில் அழுத்தம் வந்து உள்ளேயிருக்கும் ஊசிகளைத் தள்ளினால் டெப்பட் தொலைநோக்கிக் குழாய்போலத் தன்னுள் மடங்கும். கேம் தட்டும், டெப்பட் மடங்கும், வால்வ் அசையாது. ஜெனரல் மோட்டர்ஸின் 5.3 லீட்டர் எஞ்சினில் நிற்பவை 1, 4, 6, 7ஆம் சிலிண்டர்கள். தீப்பிடிக்கும் வரிசையில் அவை ஒன்றுவிட்டு ஒன்று வருகிறவை. அந்த நாலுக்கும் உரிய கேம் மேடுகளையும் மடங்கும் டெப்பட்டுக்கு ஏற்ற மாதிரி வேறாகவே தீட்டியிருக்கிறார்கள். டெப்பட்டை மட்டும் மாற்றினால் காரியம் முடியாததற்குக் காரணம் இதுதான்.

இத்தனை பாட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு? 2021 மார்ச்சில் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஜெனரல் மோட்டர்ஸ் சில 5.3 லீட்டர் பிக்கப்களை இந்த ஏற்பாடு இல்லாமலே விற்பனைக்கு அனுப்பியது. அதனால் வரும் நட்டம் கலனுக்கு ஒரு மைல் என்று அந்த நிறுவனமே சொன்னது. லீட்டருக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

கேள்வி: அப்படியானால் எந்தக் கேம், எந்த ஸ்பிரிங் வாங்குவது? கடைக்காரன் பெரிய சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறானாம்.
— அதே வாசகர், மச்சான் சார்பில்

பதில்: பார்ப்பான். முதலில் ஒரு சங்கடமான கேள்வி: டெப்பட் உண்மையிலேயே பழுதா? நல்ல நிலையில் இருந்தால் எஞ்சின் கம்ப்யூட்டரில் அந்த வேலையை நிறுத்திவைத்தாலே எட்டும் ஓடும். ஒரு போல்ட்டும் கழற்ற வேண்டாம். ரொக்கர் பக்கம் 'டிக் டிக்' சத்தம் வந்து, கேம் மேடும் தேய்ந்திருந்தால்தான் இந்தப் பெரிய வேலைக்கு அர்த்தம். வண்டியில் இருப்பது ஜெனரல் மோட்டர்ஸின் 5.3 லீட்டர் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால், அதில் டெப்பட்டை வெளியே எடுக்கச் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். ஹெட் கேஸ்கட்டும், ஒருமுறை இறுக்கினால் இழுபட்டுவிடும் ஹெட் போல்ட்டுகளும் புதிதாகப் போட வேண்டும்.

கேமின் விவரத்தாளில் இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும்: வால்வ் எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. நேரத்தைப் பாகையில் சொல்வார்கள், டெப்பட் 0.050 அங்குலம் எழும்பிய இடத்திலிருந்து அளந்து. கம்பெனி போட்டனுப்பும் 5.3 லீட்டர் கேம்கள் 190களில் நிற்கின்றன. பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு 205 முதல் 212 வரை தாராளம். அதற்கு மேலே போகப் போகப் பலம் உயர்ந்த சுற்றுக்கு ஏறிவிடும். பாலத்தடியில் பாரத்தோடு நின்று எழும்பும்போது வண்டி சோரும். 220ஐத் தாண்டிய கேம் சும்மா நிற்கும்போது குதிரைபோல உதறும் சத்தம் இளைஞர்களுக்குப் பிடிக்கும்தான். சீமெந்து மூட்டை ஏற்றுகிறவருக்கு அது எதற்கு?

உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த எஞ்சினின் 2014க்கு முந்திய வகைகளில் ரொக்கர் கேமின் அசைவை 1.7 மடங்காக்கும். வால்வ் 0.550 அங்குலம், அதாவது 14 மில்லிமீட்டர் திறக்க வேண்டுமென்றால் கேம் மேடு எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். மேடு உயர்ந்தால் அதே நேரத்துக்குள் வால்வ் அதிக தூரம் போய்த் திரும்ப வேண்டும். இந்த இடத்தில்தான் ஸ்பிரிங் விஷயத்துக்குள் வருகிறது.

கேம் வால்வைத் தள்ள மட்டும்தான் செய்யும். திரும்பக் கொண்டுவருவது முழுக்க ஸ்பிரிங்கின் பொறுப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் கேம் 3,000 சுற்று. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங் சோர்ந்தால் டெப்பட் கேமின் முதுகை விட்டு எழும்பி, திரும்ப விழும்போது மேட்டை அடிக்கும். வால்வும் இருக்கையில் விழுந்து துள்ளும். அதற்காக எல்லாவற்றிலும் முரட்டு ஸ்பிரிங்கைத் திணிப்பதும் புத்தியில்லை. ஒவ்வொரு திறப்பிலும் அந்த முரட்டுப் பாரம் டெப்பட் உருளை மேலும் கேம் மேலும் ஏறும். தேய்மானத்துக்குப் பயந்து செய்யும் வேலையில் தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கியதாக முடியும்.

வாங்குமுன் அளக்க வேண்டியது இது. பொருத்திய நிலையில் ஸ்பிரிங்கின் உயரம் ஏறக்குறைய 1.8 அங்குலம். வால்வ் 0.550 திறந்தால் மிஞ்சுவது 1.250. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் அதைவிட 0.060 அங்குலமாவது குறைவாக, அதாவது 1.190க்குள் இருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங் 0.500க்கு மேலே போனால் தாங்காது என்று வைத்துக்கொள்ளலாம். அதே எஞ்சின் குடும்பத்து எல்.எஸ்.6 ஸ்பிரிங், மூடிய நிலையில் 90 இறாத்தல் அழுத்தத்தோடு, 0.550 வரை போகும். பிக்கப்புக்கு அது போதும். இரட்டை ஸ்பிரிங் வேண்டாம்.

இரட்டை ஸ்பிரிங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது மேர்லின் எஞ்சின். பன்னிரண்டு சிலிண்டர், 48 வால்வ், வால்வ் ஒன்றுக்கு ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். ஒன்று அதிரும் தாளத்தில் மற்றது அதிராது. ஒன்று முறிந்தாலும் வால்வ் உள்ளே விழாது. கிண்ணியாவிலிருந்து பார்த்தால் தெரிகிற வானத்தில் 96 ஸ்பிரிங்குகள் துள்ளிய எஞ்சின் அது.

பூட்டுமுன் பிள்ளைகள் விளையாடும் களியில் ஒரு துண்டைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். திரும்பக் கழற்றிக் களியைக் குறுக்கே வெட்டினால் வால்வ் பதிந்த குழி தெரியும். குழியின் அடியில் மிஞ்சிய தடிப்பு உள்வால்வுக்கு 0.080, கழிவு வால்வுக்கு 0.100 அங்குலமாவது இருக்க வேண்டும்.

கேமுடன் கூடவே தேவைப்படுபவை: 16 சாதாரண டெப்பட்டுகள், அவற்றைப் பிடிக்கும் தட்டுகள், ஒயில் துளைகளை அடைக்கும் மேல் மூடி, அளந்து எடுத்த புஷ் ரொட், கடைசியில் கம்ப்யூட்டர் திருத்தம். அதை மறந்தால் இல்லாத பூட்டைத் தேடி எச்சரிக்கை விளக்கு எரியும். 2014 முதல் வந்த எஞ்சினானால் கேமின் பின்முனையில் பெற்றோல் பம்பை ஓட்டும் மூன்று மேடுகளும் இருக்க வேண்டும். புகை விதி நாட்டுக்கு நாடு வேறு. சவூதியின் வருடாந்த வாகனப் பரிசோதனையான ஃபஹஸில் என்ன பார்க்கிறார்கள் என்று மச்சான் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

கேள்வி: கேமைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: ஒருவரைக் காட்ட முடியாது. ஈராயிரம் வருடங்களுக்கு முன்பே சீனர் நீர்ச் சக்கர அச்சில் முளைகளை அடித்து, அவை உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போட நெல் குற்றினார்கள். அச்சும் முளையும் நெம்பும் சேர்ந்த அமைப்பைத் துல்லியமாக எழுதி, வரைந்து வைத்தவர் அல்-ஜஸரீ. இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில் அர்த்துக் அரசர்களிடம் பணியாற்றியவர். அவரது யந்திர நூல் 1206இல் முடிந்தது. அதிலுள்ள ஒரு விளையாட்டு, அரச விருந்தில் குளத்தில் மிதக்கும் படகு. அதற்குள் நீர் கொட்டிச் சக்கரம் சுற்ற, அச்சின் முளைகள் நெம்புகளைத் தட்ட, மேளக்காரப் பொம்மைகளின் கைகள் எழும்பி விழும். முளைகளை இடம்மாற்றினால் தாளம் மாறும். 5.3 லீட்டர் எஞ்சினின் கேமைத் தெரிவு செய்கிறவரும் செய்வது அதைத்தான்.

சொல் ஒல்லாந்தருடையது. சீப்புக்கும் சக்கரப் பல்லுக்கும் அவர்கள் சொன்ன 'கம்' ஆங்கிலத்தில் கேம் ஆயிற்று. 1795வரை திருகோணமலைக் கோட்டையைக் கையில் வைத்திருந்தவர்கள் நேராகத் தந்த கந்தோரும் லாச்சியும் தமிழில் இருக்கின்றன. கேம் மட்டும் ஆங்கிலேயன் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் களப்பில் ஓடும் படகு எஞ்சினைக் கழற்றினோம். கேமும் இல்லை, வால்வ் ஸ்பிரிங்கும் இல்லையே?

பதில்: இரண்டடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினாக இருக்கும். சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளைப் பிஸ்டனே மறைத்தும் திறந்தும் வால்வின் வேலையைச் செய்துவிடும். ஆனால் காபரேட்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள்: மெல்லிய தகடுகள் சில, ஒரு பக்கம் மட்டும் திருகப்பட்டு நிற்கும். உறிஞ்சினால் வளைந்து திறக்கும், தன் விறைப்பிலேயே திரும்பி மூடும். 1901க்கு முந்திய பெரும்பாலான கார்களின் உள்வால்வும் இப்படி உறிஞ்சலில்தான் திறந்தது.