குருதி தடைப்பட்ட கணையமும் விலங்குகள் கற்பித்த பாடமும்

சிந்தாதிரிப்பேட்டையை நம் மாணவருட் பலர் அறிவர். கூவம் ஆறு வளைந்து செல்ல, அவ்வளைவினுள்ளே அப்பேட்டை அமைந்துள்ளது. நம் வயிற்றினுள்ளும் இதனையொத்த அமைப்பொன்று உண்டு. இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் வளைந்து செல்ல, அவ்வளைவினுள்ளே தலைவைத்துக் கிடப்பது கணையம். உணவைச் செரிப்பிக்கும் நீரும், குருதியிலுள்ள சர்க்கரையை அடக்கும் இன்சுலினும் அதன்கண் உண்டாகின்றன.

ஊனையே கரைக்கவல்ல நீரைத் தன்னகத்தே வைத்திருந்தும் கணையம் கரையாதிருப்பது எங்ஙனம்? புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் கணையத்துள் உறங்கும் நிலையிலேயே இருந்து, குடலை அடைந்த பின்னரே விழித்தெழுகின்றன. குருதியோட்டம் குன்றுமாயின் இக்காவல் தளர்கின்றது. பெருங்குருதிப்போக்கினாலோ, இருதய அறுவையின்போதோ குருதியழுத்தம் மிகத் தாழ்ந்தோரிடத்தும், மாற்றிப் பொருத்தப்பட்ட கணையத்தினிடத்தும் இவ்வூறு நேரக்கூடும். ஆயின் மருத்துவர் நோயைக் காணும்பொழுது அதன் தொடக்கம் கடந்துவிடுகின்றது. அத்தொடக்கத்தைக் காணவேண்டியே அறிஞர் விலங்குகளை நாடினர்.

1862-ஆம் ஆண்டிற் பானும் என்னும் டென்மார்க்கு அறிஞர், நாயின் கணைய நாடிகளில் மெழுகுத்துளிகளைச் செலுத்தி அடைத்து, கணையம் குருதி கசிந்து அழிதலைக் கண்டார். 1948-இற் பாப்பரும் அவர்தம் துணைவரும் இதனை மேலும் நுட்பமாக ஆராய்ந்தனர். கணையநீர்க் குழாய் அடைபட்டதனால் வீங்கிய நாயின் கணையத்திற்கு, நாடியையும் சிறிதுபொழுது அடைத்தபோது, அவ்வீக்கம் அழிவாக மாறியது. 1962-இற் பெஃபர் முதலியோர் நுண்ணிய உருண்டைகளை நாயின் குருதிக்குழாய்களிற் செலுத்தி, வீக்கம் முதல் குருதிக்கசிவு ஈறாக நோயின் படிகளை உண்டாக்கிக் காட்டினர். 1990-இல் அம்முறை எலியிடத்தும் கைகூடியது.

எலியின் கணைய நாடிகளைக் கவ்வியால் அடைத்துப் பின் திறக்கும் முறையால் வியத்தகு உண்மையொன்று புலனாயிற்று. குருதி நின்றபோது மட்டுமன்றி, மீண்டும் பாயும்போதும் ஊறு விளைகின்றது. திரும்பி வரும் பிராணவாயுவினின்று கேடு செய்யும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. வெள்ளணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. சில நுண்குழாய்களிற் குருதி மீண்டும் ஓடுவதேயில்லை.

எனினும், மாதிரி வேறு, நோய் வேறு என்பதை நாம் மறத்தலாகாது. எலியின் கணையம் மனிதர்க்குள்ளதுபோல் திரண்டிராது பெரும்பாலும் பரந்து கிடப்பது. ஆய்வில் நாடியடைப்பு ஒன்றே காரணமாக நிற்ப, நோயாளியிடத்தோ பல காரணங்கள் ஒருங்கே கூடுகின்றன. ஆதலின், எலியைக் காத்த மருந்து மனிதரையும் காக்குமென உடனே துணிதல் தவறு.

இவ்வறிவு வாயில்லா உயிர்களின் துன்பத்தை விலையாகக் கொடுத்துப் பெற்றது. சென்னை அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராயிருந்து செய்த முயற்சியே 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அச்சட்டம் ஆராய்ச்சியை விலக்கவில்லை. இயன்றவரை மயக்கமருந்து அளித்தே செய்தல் வேண்டும், சிறு விலங்கால் முடிவதற்குப் பெருவிலங்கை வருத்தலாகாது என்னும் நெறிகளை அது வலியுறுத்துகின்றது.

ஆய்வுக்கூடத்திற் புகும் நம் மாணவர், கத்தியை எடுக்குமுன், தாம் தொடுக்கும் வினா இன்றியமையாததா, அதற்கு வேறு வழியால் விடை காண இயலாதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.