உன் கதாநாயகி வளர்க்கும் பூனை

தங்கச்சி, உன் கதையில 'மீனா இரக்க குணம் உள்ளவள்'னு எழுதியிருக்கியே, அந்த வரியை முதல்ல அடிச்சிடு. அவகிட்ட ஒரு பூனையைக் கொடு. ராத்திரி பத்து மணிக்கு அலுத்துப்போய் வீட்டுக்கு வர்றவ, தனக்குச் சோறு போட்டுக்கிறதுக்கு முன்னாடி அதோட கிண்ணத்தைக் கழுவி வைக்கிறாளா, காலால ஓரமா தள்ளிட்டுப் போறாளா? அது போதும். மனுஷங்க முன்னாடி எல்லாரும் கொஞ்சம் நடிப்பாங்க. வாயில்லா ஜீவன்கிட்ட அந்த நடிப்பு தேவைப்படாது.

டிக்கன்ஸோட 'ஆலிவர் ட்விஸ்ட்' படிச்சுப் பாரு. பில் சைக்ஸ் எவ்வளவு கொடூரமானவன்னு அவனோட நாய் முகத்துல இருக்கிற காயங்களே சொல்லிடும். அடி வாங்கியும் அவன் பின்னாலயேதான் சுத்தும். தன் காதலி நான்சியைக் கொன்ன பிறகு, நாயை வச்சு ஊர் தன்னை அடையாளம் கண்டுபிடிச்சிடும்னு பயந்து அதைத் தண்ணியில முக்கப் பார்ப்பான். கைக்குட்டையில கல்லைக் கட்டிக்கிட்டு அவன் கூப்பிடும்போது, இத்தனை நாள் கூடவே இருந்த நாய் பின்வாங்கும். அவன் மனசுல என்ன ஓடுதுன்னு தனியா ஒரு பத்தி தேவையா, சொல்லு?

ஸ்டெயின்பெக் 1937ல எழுதின 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'ல கேண்டின்னு ஒரு கிழவர். நாத்தம் தாங்கலைன்னு மத்தவங்க வற்புறுத்த, தன் கிழட்டு நாயை இன்னொருத்தன் கையில விட்டுடுவார். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். நானே சுட்டிருக்கணும்னு பிற்பாடு சொல்வார். எதிர்த்துப் பேச வழியில்லாத மனுஷனை இதைவிடச் சுருக்கமா யாரும் காட்டினதா எனக்குத் தோணலை.

நம்ம செல்லப்பாவோட 'வாடிவாசல்'ல, அடக்கப்பட்ட தன் காளையை ஜமீன்தாரே சுடுவார். அவர் எதைப் பெருசா நினைச்சார்ங்கிறது அந்தக் குண்டுல தெரியும்.

ரவுடிக்கு டாபர்மேன், பாட்டிக்குப் பசுன்னு யோசிக்காம கை போற பக்கம் போகாதே. எந்த ஜாதி நாய்ங்கிறதை விட, அது எப்படி வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். காசு கொடுத்து வாங்கினதா, தெருவுல ஒட்டிக்கிட்டு வந்ததா, செத்துப்போன அப்பா விட்டுட்டுப் போனதா? பேரு வச்சது யாரு?

மீனாவோட பூனைக்கும் பசி, தூக்கம், பிடிவாதம் எல்லாம் உண்டு. உனக்குத் தேவைப்படும்போது மட்டும் மியாவ்னு கத்திட்டு மறைஞ்சுபோனா, படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க. மீனா நாலு நாள் மதுரைக்குப் போறாளே, பூனைக்குச் சோறு வைக்கிறது யாரு? வீட்டுச் சாவியை அவ யார் கையில கொடுத்துட்டுப் போறாங்கிறதை எழுது.