பழைய பிக்அப் வண்டிக்கு எந்த என்ஜின்?

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் மாவட்டம் இருக்கிறது. அங்கே லாசல்காவ் என்று ஓர் ஊர். பெரிய வெங்காயச் சந்தை உள்ள ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய டீசல் பிக்அப் வண்டி இருந்தது. வெங்காய மூட்டைகளை ஏற்றுவார். கசாரா மலைப்பாதையில் இறங்கி மும்பைப் பக்கம் போவார். அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

கொஞ்ச நாளாக வண்டி இழுக்கவில்லை. மும்பையிலிருந்து திரும்பும்போது வண்டி காலிதான். ஆனாலும் மலை ஏற முடியாமல் திணறியது. புகை கக்கியது. டீசல் செலவும் கூடியது.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் ஆசை காட்டினார். "என்னிடம் பெரிய என்ஜின் இருக்கிறது. போட்டுப் பார், வண்டி பறக்கும்" என்றார். வண்டிக்காரர் மனைவியின் வளையல்களை அடகு வைக்க நினைத்தார்.

மனைவி கேட்டார்: "இருக்கிற என்ஜினுக்கு என்ன நோய் என்று பார்த்தீர்களா?"

இருவரும் மெக்கானிக்கிடம் போனார்கள்.

மெக்கானிக் முதலில் புகையைப் பார்த்தார். புகைக்கு நிறம் உண்டு. கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். நாசில் கெட்டிருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே கசியலாம். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. இந்த வண்டியில் வந்தது நீலப் புகை.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். அங்கிருந்தும் குபுகுபு என்று புகை வந்தது. "பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது" என்றார்.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று ஏறத்தாழ 20-ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால் கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தால் காற்று கசிந்துவிடும். சூடு போதாது. இழுப்பும் இருக்காது. மெக்கானிக் நாசில்களைக் கழற்றி, அந்த இடத்தில் அளவுமானி மாட்டிப் பார்த்தார். 4 சிலிண்டர்களில் 2-ல் அழுத்தம் குறைவு.

"அப்படியானால் பெரிய என்ஜினே போட்டுவிடலாமே, அண்ணே?" என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "உங்கள் கிளட்ச், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் இந்த என்ஜின் பலத்துக்குச் செய்தவை. பெரிய என்ஜின் அவற்றை உடைக்கும். மேலும், நீங்கள் பாரத்தோடு மலை இறங்குகிறீர்கள். இறங்கும்போது உயிரைக் காப்பது பிரேக். புதிய ரக என்ஜின் என்றால் கம்ப்யூட்டர் பெட்டியும் கட்டுக்கட்டாக ஒயரும் வேண்டும். வழியில் நின்றால் யார் பார்ப்பது?"

"டீசல் பம்பைத் திருகி விட்டால்?"

"அது இன்னும் மோசம். டீசல் கூடப் பாயும். இழுப்பதுபோல் இருக்கும். சூடு ஏறி, பிஸ்டன் உருகும், ஹெட் வெடிக்கும்."

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக, இஷ்டம்போல் வண்டியை மாற்றக் கூடாது. அதே ரக என்ஜினை மாற்றினாலும் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். புதிய என்ஜின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டுப் பணம் கிடைப்பது கஷ்டம். ரசீது இல்லாத என்ஜின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

கடைசியில் பழைய என்ஜினையே இறக்கினார்கள். லேத்தில் போர் செய்து, அளவு கூடிய பிஸ்டனும் புது ரிங்கும் போட்டார்கள். பேரிங்குகளை மாற்றினார்கள். நாசில்களைச் சோதித்தார்கள். அடைத்திருந்த ரேடியேட்டரையும் சுத்தம் செய்தார்கள். இதைச் செய்யாவிட்டால் புது ரிங்கும் சூட்டில் போய்விடும். என்ஜின் எண் மாறவில்லை. அதனால் அலுவலகத்துக்கு அலையவில்லை.

மிச்சப் பணத்தில் பிரேக் லைனிங் மாற்றினார்கள். முதல் 1,000 கிலோமீட்டர் வரை பாதிப் பாரம்தான் ஏற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வெங்காயச் சீசனில் இது கஷ்டம்தான். ஆனாலும் வண்டிக்காரர் கேட்டுக்கொண்டார். வளையல்களில் ஒரு ஜோடி மட்டும் அடகுக்குப் போனது.