மின்னஞ்சலின் வேகம்

நாம் அனுப்பும் மின்னஞ்சலின் வேகத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, மடலின் பருமன். 1982இல் வகுக்கப்பெற்ற அஞ்சல் நெறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சுமக்கவே அமைந்தது. ஆதலால் ஒளிப்படங்கள் எழுத்துக் கோவையாக மாற்றப்படுகின்றன. 3 பைட்டுகள் 4 ஆகின்றன. 3 மெகாபைட் படம் ஏறத்தாழ 4 மெகாபைட்டாகப் பெருகுகின்றது.

இரண்டாவது, இணைப்பின் வேகம். நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் அப்படம் செல்ல ஏறத்தாழ 32 நொடிகள் வேண்டும்.

மூன்றாவது, பெறுநரின் வழங்கி. அது நெரிசலுற்றால் மடலை ஏற்க மறுக்கும். நமது வழங்கி சிறிது காத்திருந்து மீண்டும் முயலும்.

யூனிகோடு மடலில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டும் தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகளும் வேண்டப்படுவது உண்மையே. ஆயினும் ஆயிரம் குறியீடுகள் கொண்ட தமிழ் மடல் அதே இணைப்பில் ஒரு நொடிக்குள் சென்றுவிடும். ஆகவே மாணவர்களே, படத்தைச் சுருக்குவோம்; தமிழைத் தமிழிலேயே எழுதுவோம்!